ஒரு பவுண்டு தானியமும் உழைப்பின் கணக்கும்

உடல் எடையைக் குறைக்க விரும்பும் ஒருவர் கலோரிக் கணக்கில் இறங்கும்போது அவரிடம் சில கேள்விகள் கேட்கப்படுகின்றன. வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை சொல்வது எளிது. ஐந்தாவது கேள்வி வேறு வகையைச் சேர்ந்தது. 'அன்றாடம் நீங்கள் எவ்வளவு உழைக்கிறீர்கள்?' என்று அது கேட்கிறது. உட்கார்ந்த வாழ்க்கை, இலேசான உழைப்பு, மிதமான உழைப்பு, கடும் உழைப்பு, மிகக் கடும் உழைப்பு என்று ஐந்து படிகள் தரப்படுகின்றன. ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருக்கல் எண் உண்டு: 1.2, 1.375, 1.55, 1.725, 1.9. ஓய்வுநிலையில் உடல் செலவிடும் ஆற்றலை இந்த எண்ணால் பெருக்கினால் ஒரு நாளைய மொத்தச் செலவு கிடைத்துவிடும் என்பது கணக்கு.

முதல் நான்கு விடைகளை அளவுகோலும் தராசும் பிறப்புச் சான்றிதழும் உறுதிசெய்துவிடும். ஐந்தாவது விடை முழுக்க ஊகம். ஆனால் முடிவை மற்ற நான்கையும்விட அதிகமாகப் புரட்டிப்போடுவது இந்த ஊகமே. இதை இன்றைய நகர்ப்புற மனிதரின் தனிப்பட்ட சிக்கல் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் இக்கேள்வியின் வயது ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல். தொடக்கத்தில் எவரும் இதைத் தம்மைப் பற்றிக் கேட்டுக்கொள்ளவில்லை. கைதிகளையும் பஞ்சத்தில் அடிபட்டவர்களையும் கூலிகளையும் பற்றி, அவர்களுக்குச் சோறு அளந்துபோட வேண்டியிருந்தவர்கள் கேட்ட கேள்வி இது. அவ்வரலாற்றின் முக்கியமான பக்கங்கள் சில சென்னை மாகாணத்தில் எழுதப்பட்டன. தாமிரபரணிக் கரையிலும் அதை ஒட்டிய கரிசல், தேரி நிலங்களிலும் வாழ்ந்தவர்கள் அந்தப் பக்கங்களுக்குள் அடங்குவார்கள்.

*

உழைப்பைப் படிகளாகப் பிரித்து ஒவ்வொரு படிக்கும் உணவை வகுக்கும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனில் உருக்கொண்டது. 1850களின் இறுதியில் எட்வர்ட் ஸ்மித் என்ற மருத்துவர் லண்டன் கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் சிறையில் கைதிகள் மிதிக்கும் சக்கரத்தில் தாமே ஏறி மிதித்து, வெளிவிடும் கரியமில வாயுவை அளந்தார். சும்மா இருக்கும் உடலுக்கும் சக்கரம் மிதிக்கும் உடலுக்கும் இடையிலான வேறுபாடு எண்ணாக மாறியது. 1865இல் வேதியியலாளர் லயன் பிளேஃபேர் மனிதனின் உணவை அவனுடைய வேலையோடு தொடர்புபடுத்தி ஆற்றிய உரையில் உணவை ஐந்து வகுப்புகளாகப் பிரித்தார். வெறுமனே உயிர் தாங்குவதற்கான உணவு முதல் வகுப்பு. கடுமையாக உழைப்பவனின் உணவு கடைசி வகுப்பு. இன்று நம்முன் நீட்டப்படும் ஐந்து படிகளுக்கும் பிளேஃபேரின் ஐந்து வகுப்புகளுக்கும் நேரடி வம்சாவளி உண்டு என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் சிந்தனையின் அச்சு ஒன்றே.

அதே காலத்தில் சென்னை மாகாணத்தில் டாக்டர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ் மக்களின் உணவு பற்றியும் மாவட்டச் சிறைகளின் உணவளவு பற்றியும் அறிக்கைகளைத் தொகுத்து 1863இல் வெளியிட்டார். அரிசி உண்ணும் பகுதி, கம்பும் கேழ்வரகும் சோளமும் உண்ணும் பகுதி என்று மாகாணத்தின் உணவு வரைபடமே அதில் விரிந்தது. தமிழக உணவின் சமூக வரலாற்றை எழுத விரும்புபவர்கள் தவறவிடக்கூடாத ஆவணங்களில் ஒன்று அது. சிறைக் கைதிக்கு எவ்வளவு சோறு போட்டால் அவன் உழைக்கவும் முடியும், சாகாமலும் இருப்பான் என்ற கேள்விக்கு விடை தேடியதுதான் கார்னிஷின் தொடக்க காலப் பணி. பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்தபோது அதே கேள்வி லட்சக்கணக்கான மக்களின் மீது இறங்கியது.

*

1876இல் பருவமழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று மக்கள் நினைவில் நின்றுபோன அந்தப் பேரழிவு 1878 வரை நீடித்தது. திருநெல்வேலி மாவட்டத்தில் அதன் தாக்கம் சீராக இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து இரு பருவமழைகளாலும் ஊட்டம் பெறும் தாமிரபரணியும், அதன் அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்களும் இருந்ததால் அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரையிலான நெல்வயல் பகுதி ஒப்பீட்டளவில் தாங்கி நின்றது. அன்று இம்மாவட்டத்தில் அடங்கியிருந்த சாத்தூர், ஒட்டப்பிடாரம் போன்ற வானம் பார்த்த கரிசல் வட்டங்களுக்கு அந்தக் காப்பு இல்லை. ஆற்று மண்ணுக்கும் கரிசலுக்கும் இடையே உள்ள சில பத்து மைல்கள் வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலான தூரமாக அமைந்தன.

1877 ஜனவரியில் இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதியாக சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னைக்கு வந்தார். செலவைக் குறைப்பது அவருக்கு இடப்பட்ட பணி. நிவாரண வேலைகளில் மண் வெட்டியும் கல் உடைத்தும் சுமந்தும் உழைத்த ஓர் ஆணுக்கான நாள் கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறிதளவு காசும் என்று அவர் குறைத்தார். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதைவிடக் குறைவு. நிவாரணப் பணிகளில் நடக்கும் வேலை இலேசானது, ஆகவே ஒரு பவுண்டு போதும் என்பது அவரது வாதத்தின் ஓர் இழை. இதைச் சோதனை முயற்சி என்றே அவர் அழைத்தார். அன்றாட உழைப்பு அளவைப் பற்றிய ஒரு மதிப்பீடு அரசாணையாக மாறிய தருணம் இது.

கார்னிஷ் இதை எதிர்த்தார். சோதனைக்கு உட்படுத்தப்படுபவர்கள் ஏற்கெனவே மெலிந்துபோனவர்கள். மண்வேலை என்பது வேலைதான். தானியத்தை மட்டும் உண்டு பருப்பும் காய்கறியும் இல்லாமல் உழைக்கும் உடல் தன் தசையையே தின்னத் தொடங்கும். அதன் விளைவு உடனே தெரியாது, வயிற்றுப்போக்காகவும் வீக்கமாகவும் பின்னால் வந்து கொல்லும். இதுவே அவரது மறுப்பின் சாரம். டெம்பிளுக்கும் கார்னிஷுக்கும் இடையே நடந்த குறிப்புப் போர் அச்சிலும் வந்தது. அப்போது சென்னையில் இதழாசிரியராக இருந்த வில்லியம் டிக்பி பஞ்சத்தின் வரலாற்றை எழுதியபோது இந்த விவாதத்துக்கு உரிய இடம் தந்தார். பின்னர் சென்னை அரசு கூலியைச் சற்று உயர்த்தியது. அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் இப்பஞ்சத்தில் மாண்டவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு.

டெம்பிளின் கணக்கை இன்றைய அளவுகளில் போட்டுப் பார்க்கலாம். ஒரு பவுண்டு என்பது 454 கிராம். நூறு கிராம் அரிசியில் சுமார் 345 கலோரி என்று கொண்டால் அது ஏறத்தாழ 1,565 கலோரி. ஐம்பது கிலோ எடையுள்ள ஓர் இளைஞன் எதுவும் செய்யாமல் படுத்துக்கிடந்தாலே அவன் உடல் மூச்சுவிடவும் இதயம் துடிக்கவும் வெப்பம் காக்கவும் செலவிடுவது 1,300 முதல் 1,450 கலோரி வரை. 1,565ஐ இந்த எண்களால் வகுத்தால் 1.1க்கும் 1.2க்கும் இடைப்பட்ட ஒரு பெருக்கல் எண் கிடைக்கிறது. இன்றைய கணிப்பான்களில் நாள் முழுவதும் நாற்காலியில் இருப்பவருக்கு உரிய மிகக் குறைந்த எண்ணே 1.2 என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வெயிலில் மண் சுமந்தவனை டெம்பிளின் கூலி படுக்கையில் கிடப்பவனாக மதிப்பிட்டது.

கடும் உழைப்புக்கு உரிய எண் 2 என்று வைத்தால் அவனுக்குத் தேவைப்பட்டது 2,600 கலோரிக்குக் குறையாது. நாளொன்றுக்கு ஆயிரம் கலோரி பற்றாக்குறை. எழுத்துக் கணக்கில் அது வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடை இழப்பு. இழப்பதற்குக் கொழுப்பு இல்லாத உடலில் அந்த ஒரு கிலோ எங்கிருந்து வந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு ஒரு பிற்காலச் சாட்சி உண்டு. 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 ஆரோக்கியமான தன்னார்வ இளைஞர்களை இருபத்து நான்கு வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்தார். வாரத்துக்கு 22 மைல் நடந்த அவர்களுக்குக் கிடைத்த சராசரி உணவு ஏறத்தாழ 1,570 கலோரி. டெம்பிளின் ஒரு பவுண்டுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. நல்ல உடல்நிலையில் தொடங்கிய அவர்கள் தங்கள் எடையில் கால் பங்கை இழந்தார்கள். உணவைத் தவிர வேறெதையும் சிந்திக்க முடியாதவர்களாக ஆனார்கள். அவர்களுக்கு மருத்துவர்கள் அருகிலிருந்தார்கள். சோதனைக்கு முடிவுத் தேதி இருந்தது. கரிசல் காட்டுக் கூலிக்கு இரண்டும் இல்லை.

*

பஞ்ச நிவாரணத்துக்கு வெளியே, உழைப்பின் கணக்கு தொடர்ந்து நடந்த இடம் சிறை. திருநெல்வேலிக்குச் சிறை என்றதும் வ.உ.சிதம்பரம் பிள்ளைதான் நினைவுக்கு வருவார். 1908 மார்ச்சில் கைதாகி, ஜூலையில் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹேயால் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கோயம்புத்தூருக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர் அங்கே செக்கிழுக்க வைக்கப்பட்டார். மாடு செய்யும் வேலையை மனிதன் செய்தான் என்ற அவமானத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அதற்குள் இருக்கும் ஆற்றல் கணக்கைப் பற்றிப் பேசியதில்லை. மாட்டுக்குரிய வேலை, மனிதனுக்கு அளக்கப்பட்ட சிறைச்சோறு. இடைவெளியை அவர் உடல் ஈடுகட்டியது.

சிறை நிர்வாகத்துக்கு அந்த இடைவெளி தெரியாமல் இல்லை. 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. வேலை செய்யும் ஒவ்வொரு கைதியின் எடையையும் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவனது வரலாற்றுச் சீட்டில் மருத்துவ அதிகாரி பதியச் செய்ய வேண்டும். ஒரு வேலையால் கைதியின் உடல்நலம் கெடுகிறது என்று அவர் கருதினால் அவனை வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். விதி எவ்வளவு தூரம் மதிக்கப்பட்டது என்பது வேறு செய்தி. ஆனால் அதன் அறிவு கவனிக்கத்தக்கது. உழைப்பின் அளவை முன்கூட்டியே ஊகிக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, உடல் என்ன சொல்கிறது என்று பதினைந்து நாளுக்கு ஒருமுறை கேட்கச் சொல்கிறது அந்த விதி. டெம்பிளுக்குத் தோன்றாத பணிவு அது. இதற்குக் கட்டுரையின் இறுதியில் மீண்டும் வருவோம்.

*

இருபதாம் நூற்றாண்டில் இக்கேள்வி ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தது. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் 1918இல் தொடங்கிய சிறிய ஆய்வுப் பிரிவு பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து மெக்காரிசன் ஒப்பிட்டபோது சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடத்திலும் சென்னை உணவை உண்டவை கடைசி இடத்திலும் இருந்தன. அவருக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற வாலஸ் அய்க்ராய்ட் 1937இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பைப் பற்றிய கையேட்டை வெளியிட்டார். இன்று நாம் இட்லிக்கும் சோற்றுக்கும் கலோரி பார்க்கும் அட்டவணைகளின் மூதாதை அதுவே. அவர் முன்பு பணியாற்றிய சர்வதேச சங்கத்தின் வல்லுநர் குழு ஏறக்குறைய அதே ஆண்டுகளில் ஒரு வாய்பாட்டை வகுத்தது. கைவேலை செய்யாத சராசரி மனிதருக்கு 2,400 கலோரி. அதற்கு மேல் வேலை செய்யும் ஒவ்வொரு மணிக்கும் இலேசான வேலைக்கு 75 வரை, மிதமான வேலைக்கு 75 முதல் 150, கடும் வேலைக்கு 150 முதல் 300 என்று கூட்டிக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஒரு முத்திரை குத்தாமல் மணிக்கணக்காகக் கூட்டும் இந்த முறை பின்னால் வந்த பல முறைகளைவிட நேர்மையானது என்பது என் எண்ணம்.

2,400 என்ற அந்த அடித்தளம் யாருடைய உடலை வைத்து இடப்பட்டது என்ற கேள்வியும் எழுந்தது. சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றிய எலனார் மேசன், அமெரிக்க ஆய்வாளர் பிரான்சிஸ் பெனடிக்டுடன் சேர்ந்து தென்னிந்தியப் பெண்களின் ஓய்வுநிலை ஆற்றல் செலவை அளந்து 1931இல் முடிவுகளை வெளியிட்டார். அமெரிக்கப் பெண்களை வைத்து வகுத்த அளவைவிட அது கணிசமாகக் குறைவாக இருந்தது. உடல் அளவும் தசையின் பங்கும் இதில் பெரும்பகுதியை விளக்கிவிடும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆயினும் மேலைநாட்டுச் சமன்பாட்டை அப்படியே எடுத்து நமக்குப் போட்டால் முதல் படியிலேயே கூடுதலான எண் வர வாய்ப்புண்டு என்ற எச்சரிக்கை அன்றே எழுந்துவிட்டது.

அய்க்ராய்டின் ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக ஆனது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உழைப்பை மூன்று படிகளாக வகுத்தது: உட்கார்ந்த வேலை, மிதமான வேலை, கடும் வேலை. 2010ஆம் ஆண்டுப் பரிந்துரையில் அறுபது கிலோ எடையுள்ள ஆணுக்கு முறையே 2,320, 2,730, 3,490 கலோரி. 2020இல் மாதிரி ஆணின் எடை 65 கிலோவாக உயர்ந்தது; ஆயினும் எண்கள் 2,110, 2,710, 3,470 என்று இறங்கின. உடல் பெரிதாகியும் உட்கார்ந்திருப்பவரின் சோறு 210 கலோரி குறைந்திருக்கிறது.

யார் எந்தப் படியில் அடங்குவார்கள் என்பதற்கு நீண்ட காலம் ஒரு தொழிற்பட்டியல் புழக்கத்தில் இருந்தது. அதை நெல்லைக்காரர் ஒருவர் படித்தால் பல இடங்களில் தயங்குவார். ஆசிரியர், தையற்காரர், அர்ச்சகர், நிலவுடைமையாளர் ஆகியோருடன் தபால்காரரும் உட்கார்ந்த வேலைக்காரர். இல்லத்தரசியும் அப்படியே. பீடி சுற்றும் பெண் மிதமான உழைப்பாளி. விவசாயக் கூலியும் மிதமான படியில்தான். கல் உடைப்பவர், விறகு வெட்டுபவர் போன்றோரே கடும் உழைப்பாளிகள்.

முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் ஆலங்குளத்திலும் திண்ணையில் சம்மணமிட்டு, மடியில் தட்டை வைத்து ஆயிரக்கணக்கில் பீடி சுற்றும் பெண்ணின் விரல்கள் ஓய்வதில்லை. ஆனால் அவள் உடல் நாள் முழுவதும் ஒரே இடத்தில் இருக்கிறது. வீதி வீதியாகக் கடிதம் சுமந்து நடந்த தபால்காரர் அவளைவிடக் குறைவாக ஆற்றல் செலவழித்தார் என்பது நம்பத்தகுந்ததல்ல. இப்பட்டியல் உடலின் அசைவைவிடத் தொழிலின் பெயரையும் அதற்கான சமூக மதிப்பையும் பார்த்தே தீட்டப்பட்டிருக்க வேண்டும் என்று நான் ஊகிக்கிறேன். அரசு ஊழியருக்கு நாற்காலி, கூலிக்காரருக்கு உழைப்பு. குடம் சுமந்து, துணி துவைத்து, மாவாட்டி, மாட்டுக்குப் புல்லறுத்து வந்த பெண் இல்லத்தரசி என்ற பெயர் பெற்ற அக்கணத்தில் உட்கார்ந்துவிடுகிறாள்.

பட்டியலில் இடம்பெறாத தொழில்களும் உண்டு. திருச்செந்தூர், சாத்தான்குளம் தேரிகளின் பனையேறிகளை எடுத்துக்கொள்வோம். கால்டுவெல் தம் முதல் நூல்களிலேயே இவர்களின் உழைப்பை விவரித்திருக்கிறார். ஒருவர் முப்பது மரங்களில் காலையும் மாலையும் ஏறுவதாகவும், மரத்தின் சராசரி உயரம் பன்னிரண்டு மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 720 மீட்டர் செங்குத்தாக ஏறுகிறார். திருச்சி மலைக்கோட்டையை எட்டு தடவைக்கு மேல், படிகள் இல்லாமல், மார்பைச் சிராய்க்கும் தண்டில் ஏறுவதற்குச் சமம். அரிவாள் பெட்டியும் கலயமும் சேர்த்து அறுபது கிலோவை அவ்வளவு உயரம் தூக்க நேரும் பொறியியல் வேலை நூறு கலோரிதான். ஆனால் தசை ஐந்தில் ஒரு பங்கு திறனோடுதான் இயங்கும் என்பதால் உடலுக்கு ஆகும் செலவு 500 கலோரி. இறங்குவது, பாளை சீவுவது, பதநீரைச் சுமந்து நடப்பது எல்லாம் தனிக்கணக்கு. அவர் குடித்த பதநீரும் கடித்த கருப்பட்டியும் சுவைக்காக மட்டும் உண்டவையல்ல. உழைப்பின் எரிபொருள் அங்கேயே, அதே மரத்திலிருந்து கிடைத்தது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பதநீர்ப் பருவம் சில மாதங்களே. ஆற்றுப் பாசன வயல்களிலும் கார், பிசானம் என்ற இரு பருவங்களின் நாற்று நடவும் அறுவடையும் உழைப்பைச் சில வாரங்களில் குவித்துவிட்டு, இடையே நாட்களை வெறுமையாக விடுகின்றன. நடவு வாரத்தில் அந்தப் பெண்ணின் பெருக்கல் எண் 2ஐ எட்டலாம், கோடையில் 1.5க்கு இறங்கலாம். ஆண்டுக்கு ஒரே எண் என்பது அவள் வாழாத ஒரு நாளின் கணக்கு.

*

தனிமனிதரின் உழைப்பை ஊகித்த எண்கள் அடுத்து ஒரு தேசத்தின் வறுமையையே வரையறுக்கத் தொடங்கின. திட்டக்குழு அமைத்த பணிக்குழு 1979இல் கிராமத்தில் நாளொன்றுக்கு ஆளுக்கு 2,400 கலோரி, நகரத்தில் 2,100 கலோரி என்று நிர்ணயித்தது. வயது, பால், தொழில் ஆகியவற்றின் பங்கீட்டைக் கணக்கிட்டு வந்த சராசரிகள் அவை. கிராமத்தானுக்குக் கூடுதலாகக் கிடைத்த 300 கலோரிக்கு முதன்மைக் காரணம் அவன் அதிகம் உழைக்கிறான் என்ற மதிப்பீடு. இந்த எண்களைப் பணமாக மாற்றியபோது 1973-74 விலையில் கிராமத்துக்கு மாதம் 49.09 ரூபாய், நகரத்துக்கு 56.64 ரூபாய் என்ற வறுமைக்கோடு பிறந்தது. ஒருவர் ஏழையா இல்லையா என்பது அவரது உழைப்பைப் பற்றிய ஓர் ஊகத்தின் மீது நின்றது.

புள்ளியியலாளர் பி.வி.சுகாத்மே இதை மறுத்தார். ஒரே மனிதரின் ஆற்றல் தேவையே நாளுக்கு நாள் ஏறி இறங்குகிறது, உடல் குறைந்த உணவுக்குத் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது, ஆகவே சராசரிக்குக் கீழே உண்பவர்கள் அனைவரும் பட்டினி கிடப்பவர்கள் அல்லர் என்பது அவரது வாதம். இதன் நீட்சியாகச் சிறிய உடல் ஆரோக்கியமான உடலாகவும் இருக்கலாம் என்ற கருத்து எழுந்தபோது, சேலத்தில் பிறந்தவரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை வழிநடத்தியவருமான சி.கோபாலன் கடுமையாக எதிர்த்தார். உடல் குறைந்த உணவுக்குப் பழகிக்கொள்வது உண்மைதான். ஆனால் வளர்ச்சியையும் வேலைத்திறனையும் விளையாட்டையும் கைவிட்டே அது பழகிக்கொள்கிறது என்பது அவர் நிலைப்பாடு. திருநெல்வேலிப் பகுதி நெசவாளர்களின் பட்டினியை 'பஞ்சும் பசியும்' நாவலில் எழுதிய தொ.மு.சி.ரகுநாதனின் வாசகர்களுக்கு இவ்விவாதத்தில் எந்தப் பக்கம் நியாயம் அதிகம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2009இல் டெண்டுல்கர் குழு கலோரி அளவுகோலிலிருந்து விலகியது. 2014இல் ரங்கராஜன் குழு 2,155, 2,090 என்று அதைத் திரும்பக் கொண்டுவந்தது. கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையே இருந்த 300 கலோரி 65 ஆகச் சுருங்கியிருந்தது. ஏற்றமும் உழவுமாடும் மறைந்து பம்புசெட்டும் டிராக்டரும் வந்த கதை அந்தக் கழித்தலுக்குள் இருக்கிறது.

*

இப்போது தொடக்கத்தில் சொன்ன ஐந்தாம் கேள்விக்கு வருவோம். எழுபது கிலோ எடையும் 170 செ.மீ. உயரமும் கொண்ட நாற்பது வயது ஆண் ஒருவரின் ஓய்வுநிலைச் செலவு, இன்று பரவலாகப் பயன்படும் மிஃப்லின் சமன்பாட்டின்படி, 1,567 கலோரி. டெம்பிளின் ஒரு பவுண்டு மீண்டும் நம்முன் வந்து நிற்பது தற்செயல்தான்; ஆனால் யோசிக்க வைக்கும் தற்செயல். இவர் முதல் படியைத் தேர்ந்தெடுத்தால் நாளைய செலவு 1,880. மூன்றாம் படியைத் தேர்ந்தெடுத்தால் 2,430. இடைவெளி 550 கலோரி. எடை குறைக்க நாளுக்கு 500 கலோரி குறைத்து உண்ணுங்கள் என்பது வழக்கமான அறிவுரை. படியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தவரின் 500 கலோரிக் குறைப்பு முழுவதும் அந்தத் தவறுக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. மாதக்கணக்கில் அளந்து உண்டும் எடை இறங்கவில்லை என்பவர்களின் புதிர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

அலுவலகத்தில் எட்டு மணி நேரம் அமர்ந்துவிட்டு, பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் ஒரு மணி நேரம் நடப்பவர் தம்மை மிதமான உழைப்பாளி என்று கருதுவது இயல்பு. அந்த நடை சும்மா இருப்பதைவிடக் கூடுதலாகச் செலவழிப்பது ஏறத்தாழ 170 கலோரி. பெருக்கல் எண்ணில் அது 0.1 மட்டுமே. அவர் 1.2இலிருந்து 1.3க்கு நகர்ந்திருக்கிறார், 1.55க்கு அல்ல. 1992இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, குறைவாக உண்டும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை அளந்து பார்த்தது. அவர்கள் உண்டதை 47 சதவீதம் குறைத்தும், உழைத்ததை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. களைப்பை உழைப்பாக எண்ணுவது மனித இயல்பு.

டெம்பிள் பிறர் உழைப்பைக் குறைத்து மதிப்பிட்டார். நாம் நம் உழைப்பைக் கூட்டி மதிப்பிடுகிறோம். இரண்டு தவறுகளும் சமமானவை அல்ல. முதலாவது உயிர்களைக் குடித்தது; இரண்டாவது இடுப்புப் பட்டையை ஒரு துளை தள்ளிப்போட வைக்கிறது. ஆனால் இரண்டின் வேரும் ஒன்றுதான். மதிப்பிடுபவருக்கு அந்த எண்ணில் ஒரு லாபம் இருந்தது. அவருக்குக் கஜானா, நமக்கு இன்னொரு கைப்பிடிச் சோறு.

தப்பிக்க வழி உண்டா? கதிரியக்கமில்லாத ஐசோடோப்புகள் கொண்ட நீரைக் குடிக்கவைத்து மொத்தச் செலவை அளக்கும் முறை 1980களிலிருந்து மனிதர்களிடம் பயன்படுகிறது. ஆய்வுக்கூடங்களுக்கு அது பொருந்தும்; நமக்குக் கிடைக்காது. நமக்கு உள்ளது 1894ஆம் ஆண்டின் சிறை விதி. மூன்று வாரங்களுக்கு உண்பதையெல்லாம் ஒரே ஒழுங்கில் எழுதி வையுங்கள். தினமும் காலையில் எடை பாருங்கள்; நாளுக்கு நாள் வரும் ஏற்ற இறக்கம் நீரால் ஆனது என்பதால் வாரச் சராசரியை மட்டும் பொருட்படுத்துங்கள். உணவைத் திடீரென்று குறைத்த முதல் வாரத்தில் இறங்கும் எடையும் பெரும்பாலும் நீரே என்பதால், அந்த வாரம் கழிந்த பிறகு கணக்கைத் தொடங்குவது நல்லது. மேலே சொன்ன மனிதர் 21 நாட்கள் சராசரியாக 1,900 கலோரி உண்டு 0.6 கிலோ இழந்தார் என்று வையுங்கள். ஒரு கிலோவுக்கு 7,700 கலோரி என்ற தோராயக் கணக்கில் அவர் உடலிலிருந்து எடுத்தது நாளுக்கு 220. ஆக மொத்தச் செலவு 2,120. ஓய்வுநிலைச் செலவால் வகுத்தால் அவரது உண்மையான எண் 1.35. அவர் உண்டதைச் சிறிது குறைத்தே எழுதும் பழக்கமுள்ளவராக இருந்தாலும் பாதகமில்லை. அதே பழக்கத்தோடு தொடர்ந்து எழுதும்வரை, அவருடைய கணக்குப் புத்தகத்துக்குள் அந்த எண் சரியாகவே வேலை செய்யும்.

பருவம் மாறினால், வேலை மாறினால், எடையே குறைந்தால் எண்ணும் மாறும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சீட்டில் பதியச் சொன்னவர்கள் அதை அறிந்திருந்தார்கள். தாது வருஷத்தில் நிவாரண முகாம்களில் ஒரு தராசை வைத்து, தானியத்தோடு மனிதர்களையும் நிறுத்துப் பார்த்திருந்தால் ஒரு பவுண்டு போதுமா என்ற விவாதம் ஒரே மாதத்தில் முடிந்திருக்கும். அன்று தராசுகள் இல்லாமலில்லை. அவை தானியத்தை நிறுப்பதற்கு மட்டுமே பயன்பட்டன.